எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை வேலேண்டுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலும் பழைய கணினிகளில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் சூழலை வைத்து வேலை பார்க்கும் டி.டி.பி. கடைகள், பள்ளிகள், வீடுகள் உண்டு. குறைந்த நினைவகத்தில் நிதானமாக ஓடுவதும், ஆண்டுக்கு ஆண்டு முகம் மாறாமல் இருப்பதும்தான் பலர் அதை விரும்புவதற்குக் காரணம். லினக்ஸின் திரை அமைப்பு எக்ஸ்11-இலிருந்து வேலேண்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் அத்தகையவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. எக்ஸ்எஃப்சிஇ 4.20 பதிப்பையும், அதை உள்ளடக்கி 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் மனத்தில் கொண்டு இவை எழுதப்பட்டுள்ளன.

எக்ஸ்11 இத்தனை ஆண்டுகள் நன்றாகத்தானே ஓடியது? இப்போது ஏன் இந்தப் பேச்சு?

எக்ஸ் சாளர அமைப்பு 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் தொடங்கியது. அதன் பதினோராவது வடிவமான எக்ஸ்11 1987-இல் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அடித்தளத்தின் மீதே லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் நின்றன. அதில் இரண்டு குறைகள் அடிப்படையிலேயே இருக்கின்றன. முதலாவது, ஒரே திரையில் ஓடும் எந்த நிரலும் மற்றொரு நிரலில் தட்டப்படும் விசைகளைக் கேட்கவும் அதன் சாளரத்தைப் படம் பிடிக்கவும் எக்ஸ்11 இடம் கொடுக்கிறது. இணையவழி வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டும்போது பக்கத்தில் ஓடும் இன்னொரு நிரல் அதைப் படித்துவிட முடியும் என்பதே இதன் பொருள். இரண்டாவது, வேறுவேறு அடர்த்தி கொண்ட இரு திரைகளை ஒரே கணினியில் செவ்வையாகக் கையாள அதற்கு வழியில்லை.

2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட், 2012-இல் 1.0 நிலையை எட்டியது. நோம் என்ற பெரிய டெஸ்க்டாப் சூழலின் 49 பதிப்பு 2025 செப்டம்பரில் எக்ஸ்11 அமர்வை (உள்நுழைந்தபின் எக்ஸ்11 மீது ஓடும் டெஸ்க்டாப்பை) இயல்பு நிலையில் அணைத்து வைத்தது, உபுண்டு 25.10 அந்த அமர்வையே நீக்கிவிட்டது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, எக்ஸ்11-ஐ ஓட்டும் நிரலான எக்ஸ்ஆர்க் சர்வர் இல்லாமலே வெளிவந்தது. பெரிய திட்டங்கள் இப்படி நகரும்போது எக்ஸ்11-க்காக உழைக்கும் கைகள் குறைகின்றன. எக்ஸ்எஃப்சிஇ போன்ற சிறிய குழுக்களும் வழி தேட வேண்டியிருப்பது அதனால்தான்.

அப்படியானால் என் கணினியில் எக்ஸ்11 நின்றுவிடுமா?

நிற்காது. டெபியன் 13-இல் எக்ஸ்எஃப்சிஇ இயல்பாக எக்ஸ்11 மீதே ஓடுகிறது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். எக்ஸ்ஆர்க் சர்வரில் புதிய வசதிகள் வருவது அரிதாகிவிட்டாலும், கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்பட்டே வருகின்றன. யாரும் அவசரப்பட வேண்டிய நிலை இல்லை. ஆனாலும் இருக்கும் காலத்தை சோதித்துப் பார்ப்பதற்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கடைசி ஆண்டில் ஓடுவதைவிட அது நல்லது.

வேலேண்டில் உண்மையில் எது மாறுகிறது?

எக்ஸ்11-இல் மூன்று வேலைகள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. எக்ஸ் சர்வர் திரையையும் விசைப்பலகையையும் மௌஸையும் வைத்திருந்தது; சாளர மேலாளர் எந்தச் சாளரம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது; கம்பாசிட்டர் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்தது. கல்யாண வீட்டில் சமைப்பவர் ஒருவர், பந்தியில் இடம் காட்டுபவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர் என்று இருப்பதைப் போன்ற ஏற்பாடு அது. வேலேண்டில் இந்த மூன்றையும் கம்பாசிட்டர் என்ற ஒரே நிரல் ஏற்றுக்கொள்கிறது. வேலேண்ட் என்ற பெயரில் தனியாக ஒரு சர்வர் கிடையாது. அது கம்பாசிட்டரும் மற்ற நிரல்களும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுத்த நெறிமுறை மட்டுமே.

பழைய டெஸ்க்டாப் சூழல்களுக்கு வரும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறப்பதுதான். எக்ஸ்11 காலத்தில், திரை ஓரத்தில் இருக்கும் பட்டையான பேனல் நேராகச் சர்வரிடம் போய் "எந்தெந்தச் சாளரங்கள் திறந்திருக்கின்றன?" என்று கேட்டுக்கொள்ள முடிந்தது. வேலேண்டில் கம்பாசிட்டர் மனம்வைத்துச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அதற்கென ஒரு நெறிமுறை நீட்டிப்பு இருக்க வேண்டும், இரு பக்கமும் அதை அறிந்திருக்கவும் வேண்டும்.

எக்ஸ்எஃப்சிஇ இதற்கு எந்த அளவு தயாராக உள்ளது?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே தயாராக உள்ளது. 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய இந்தத் திட்டம், 2019-இல் வெளிவந்த 4.14 பதிப்பில் ஜிடிகே3-க்கு மாறி முடித்தது. ஜிடிகே3 என்பது பொத்தான்கள், மெனுக்கள், உரைப்பெட்டிகள் போன்றவற்றை வரைந்து தரும் நிரல் நூலகம். அதற்கு ஏற்கெனவே வேலேண்டோடு பேசத் தெரியும். ஆகவே கோப்பு மேலாளரான துனார், உரைத்திருத்தியான மவுஸ்பேட் போன்றவற்றில் பெரிய வேலை மிச்சமிருக்கவில்லை.

சிக்கல் இருந்தது பேனலிலும், டெஸ்க்டாப் பின்னணியிலும், அமைப்புகளிலும்தான். அவை பல இடங்களில் ஜிடிகே-வைத் தாண்டி நேராக எக்ஸ்11-ஐ அழைத்தன. இதற்காக எழுதப்பட்ட இடைநிலை நூலகத்தின் பெயர் லிப்எக்ஸ்எஃப்சிஇ4விண்டோவிங். சாளரங்களின் பட்டியல், வேலைத்தளங்கள், திரைகள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை அது வாங்கி, அடியில் ஓடுவது எக்ஸ்11-ஆக இருந்தால் ஒரு வழியிலும் வேலேண்டாக இருந்தால் வேறொரு வழியிலும் விடை தேடித் தருகிறது. பேனல் எழுதுபவர் இரண்டையும் நினைத்து இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. இந்த முடிவு மிகச் சரியானது என்பது என் கருத்து. பழைய வீட்டை இடிக்காமல், எக்ஸ்11-இல் இருப்பவர்களைத் தள்ளிவிடாமல், ஒரே நிரல்தொகுதி இரண்டு பக்கமும் நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

2024 டிசம்பர் 15-இல் வந்த 4.20 பதிப்பில் ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் வேலேண்டில் ஓடுகின்றன. ஆனால் அந்த ஆதரவு இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது என்று குழுவினரே அறிவித்துள்ளனர். வேலேண்டுக்கு வராத முக்கிய உறுப்பு சாளர மேலாளரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4.

சாளர மேலாளரை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?

மேலே சொன்ன மூன்று வேலைகளில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 பார்த்தது சாளர மேலாண்மையும் படச் சேர்ப்பும். வேலேண்டுக்கு வர வேண்டுமானால் சர்வரின் பொறுப்பையும் அது ஏற்க வேண்டும். அதன் நிரலின் ஒவ்வொரு மூலையிலும் எக்ஸ்11 கலந்திருப்பதால், பிரித்தெடுத்து இரண்டுக்கும் பொதுவாக்குவது புதிதாக எழுதுவதைவிடக் கடினம். எனவே எக்ஸ்எஃப்டபிள்யூஎல்4 என்ற புதிய கம்பாசிட்டரை ரஸ்ட் மொழியில், ஸ்மிதே என்ற நூலகத்தின் மீது எழுதும் திட்டம் 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பயனாளர்கள் தந்த நன்கொடையிலிருந்தே அதற்கான ஊதியம் கொடுக்கப்படுகிறது. பழைய மேலாளரின் தோற்றமும் நடத்தையும் இயன்றவரை அப்படியே இருக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

அது வரும்வரை எந்தக் கம்பாசிட்டரைப் பயன்படுத்தலாம்?

எக்ஸ்எஃப்சிஇ 4.20-இன் வேலேண்ட் அமர்வு இயல்பாக எடுத்துக்கொள்வது லேப்டபிள்யூசி. வேஃபயர் என்ற மற்றொன்றோடும் அது ஓடும். நம் ஊரின் பழைய கணினிகளுக்கு லேப்டபிள்யூசியையே பரிந்துரைக்கிறேன். ஓப்பன்பாக்ஸ் என்ற பழைய சாளர மேலாளரின் வழியைப் பின்பற்றி எழுதப்பட்ட அது சிறியது; அசைவூட்ட வேலைப்பாடுகள் எதையும் திணிப்பதில்லை. ராஸ்பெரி பை கணினிகளின் இயங்குதளமும் இதே பாதையில் போனது: 2023-இல் வேஃபயருக்கு மாறிய அவர்கள், பழைய பை பலகைகளிலும் சரளமாக ஓட வேண்டும் என்பதற்காக 2024 அக்டோபரில் எல்லாப் பலகைகளுக்கும் லேப்டபிள்யூசியைக் கொண்டுவந்தனர்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் இது ஓடுமா?

2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. இன்டெல் கிராபிக்ஸ் கொண்டவற்றில் பெரும்பாலும் ஓடும். லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கான டிரைவர் உள்ளது. ஓப்பன்ஜிஎல் வசதி போதாத மிகப் பழைய சில்லுகளில் கிராபிக்ஸ் சில்லுக்குப் பதிலாக மையச் செயலியை (சிபியு) வைத்தே திரையை வரையும் பிக்ஸ்மேன் முறையைத் தேர்ந்தெடுத்தும் ஓட்டலாம், ஆனால் மையச் செயலிக்குச் சுமை கூடும். அத்தகைய கணினியில் எக்ஸ்11-ஏ வேகமானது.

என்விடியா அட்டை இருந்தால் கவனம் தேவை. வேலேண்ட் கம்பாசிட்டர்களுக்கு வேண்டிய ஜிபிஎம் என்ற வசதி என்விடியாவின் சொந்த டிரைவரில் 495 வரிசையில், அதாவது 2021-இல்தான் சேர்ந்தது. 340, 390 வரிசை டிரைவர்களோடு நின்றுபோன பழைய அட்டைகளுக்கு அது கிடைக்காது. அவற்றை வைத்திருப்பவர்கள் நூவோ என்ற திறந்த டிரைவரைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.

32 பிட் செயலி கொண்ட கணினியாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டெபியன் 13 அத்தகைய கணினிகளுக்கு நிறுவியையோ கெர்னலையோ தருவதில்லை.

தமிழ்99-இல் தட்டச்சு செய்ய முடியுமா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சோதிக்க வேண்டியது இதுதான். திரை எவ்வளவு அழகாக வந்தாலும், திருமண அழைப்பிதழ் அடிக்கும் கடையில் தமிழ் தட்ட வரவில்லை என்றால் அந்தக் கணினியால் பயனில்லை. முடியும் என்பதே பதில். ஆனால் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அமைக்க வேண்டும்.

லினக்ஸில் தமிழ் உள்ளீட்டுக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, விசைப்பலகை வரைபடம். ஒவ்வொரு விசைக்கும் ஓர் எழுத்து என்று அது நேராகப் பொருத்திவிடுகிறது. தமிழ்நெட்99 அமைப்பும் அந்த வரைபடங்களில் ஒன்றாக இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்புச் சாளரத்தில் இதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வேலேண்டில் அந்தப் பகுதி பயன்படாது, ஏனென்றால் விசைப்பலகை இப்போது கம்பாசிட்டரின் கையில் இருக்கிறது. லேப்டபிள்யூசியின் சூழல் மாறிகளை (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகளை) எழுதிவைக்கும் கோப்பில் ஆங்கிலம், இந்தியா என்ற இரு அமைப்புகளையும், இரண்டாவதற்குத் தமிழ்நெட் என்ற வகையையும், மாற்றும் விசைகளையும் எழுத வேண்டும். பேனலில் மொழியைக் காட்டும் விசைப்பலகைச் செருகுநிரலும் வேலேண்டில் இயங்காது.

இரண்டாவது பாதை உள்ளீட்டு முறை நிரல். தமிழ்99-ஐ முழுமையாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதுவே தேவை. மெய்க்கு அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆவதும், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழுவதும், ங-வுக்குப் பின் க வந்தால் ங்க ஆவதும் முந்தைய எழுத்தை நினைவில் வைத்தால்தான் நடக்கும். வெறும் வரைபடத்தால் அது ஆகாது. ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5, அவற்றோடு எம்17என் தொகுப்பு ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன.

வேலேண்டில் உள்ளீட்டு முறை நிரல் கம்பாசிட்டரோடு ஒரு நெறிமுறை வழியாகவும், கம்பாசிட்டர் நீங்கள் தமிழ் தட்டும் செயலியோடு மற்றொரு நெறிமுறை வழியாகவும் பேசுகின்றன. லேப்டபிள்யூசி இரண்டையும் அறியும். அதோடு எஃப்சிஐடிஎக்ஸ்5 நன்கு பொருந்துவதால் புதிதாக அமைப்பவர்களுக்கு அதையே சொல்கிறேன். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஜிடிகே-வுக்கான உள்ளீட்டுச் சூழல் மாறியை எழுதி வைத்திருந்தால் அதை நீக்கிவிடலாம். ஜிடிகே3 செயலிகள் வேலேண்டின் சொந்த வழியில் தாமே பேசும். ஜிடிகே போன்ற மற்றொரு நூலகமான க்யூடி5-இல் எழுதிய செயலிகளுக்கு மட்டும் க்யூடி-க்கான மாறி இன்னும் வேண்டும், ஏனெனில் கம்பாசிட்டர் பேசும் நெறிமுறையின் வடிவம் அவற்றுக்குத் தெரியாது. எக்ஸ்11 மட்டுமே அறிந்த செயலிகளுக்கு எக்ஸ்-மாடிஃபையர்ஸ் மாறி தேவை.

சோதிக்கும்போது "பக்கம்", "மங்கை", "மீனாட்சி", "கொக்கு" போன்ற சொற்களை லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், குரோமியம், மவுஸ்பேட் என்று ஒவ்வொன்றிலும் தட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் பின்னழிப்பு விசையை அழுத்தியும், சுட்டியை வேறிடத்தில் வைத்துத் தொடர்ந்தும் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் வெளிப்படும்.

எழுத்துருக்கள் உடைந்து தெரியுமா?

உடையாது. தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பது ஹார்ஃப்பஸ், பாங்கோ போன்ற நூலகங்கள். அவை திரை அமைப்புக்கு மேலே உள்ளவை. எக்ஸ்11-இல் சரியாக வந்தது வேலேண்டிலும் அப்படியே வரும்.

சிவகாசி அச்சகங்களுக்குக் கோப்பு அனுப்பும் கடை நாங்கள். நாங்கள் மாறலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் நேர்மையான பதில், அதற்கு முதல் காரணம் நிறம். திரையில் தெரியும் நிறமும் காகிதத்தில் விழும் நிறமும் ஒத்துப்போக, திரையை அளந்து உருவாக்கிய நிற விவரக்கோப்பை அமைப்பில் ஏற்ற வேண்டும். எக்ஸ்11-இல் இதற்கு முதிர்ந்த வழிகள் உள்ளன. வேலேண்டின் நிற மேலாண்மை நெறிமுறை 2025 பிப்ரவரியில்தான் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. கம்பாசிட்டர்கள் எல்லாம் அதை முழுமையாக ஏற்க இன்னும் காலம் வேண்டும். சிவப்பு சற்று மாறினாலும் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் நாட்காட்டி வேலையில் இந்தத் துணிவு எடுக்கத் தக்கதல்ல.

இரண்டாவது காரணம் பழைய மென்பொருள். வைன் வழியாக ஓட்டும் பழைய விண்டோஸ் நிரல்களும், ஜிடிகே2-இல் எழுதப்பட்ட படத்திருத்தியான கிம்ப் 2.10 போன்றவையும் எக்ஸ்வேலேண்ட் என்ற பாலத்தின் வழியாக வேலேண்ட் அமர்விலும் ஓடும். வேலேண்டுக்குள் ஓடும் ஒரு முழு எக்ஸ் சர்வர்தான் எக்ஸ்வேலேண்ட். எக்ஸ்எஃப்சிஇயைத் தொடங்கிய அதே ஒலிவியே ஃபூர்தான் அதன் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆனால் யுனிகோடுக்கு முந்தைய குறியாக்க எழுத்துருக்களோடு, அவற்றுக்கென எழுதிய விசைப்பலகை நிரலையும் வைனுக்குள் ஓட்டும் கடைகள், விசைகள் பாலத்தைக் கடந்து சரியாகப் போய்ச் சேருகின்றனவா என்பதைத் தம் கோப்புகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 ஜிடிகே3-க்கு மாறிவிட்டது. அது வேலேண்டில் நேராக ஓடும்.

வகுப்பறையில் புரொஜெக்டர், திரைப் பகிர்வு எல்லாம் வேலை செய்யுமா?

புரொஜெக்டரை இணைத்துத் திரையை நீட்டுவதை எக்ஸ்எஃப்சிஇயின் திரை அமைப்புச் சாளரமே வேலேண்டிலும் செய்யும். அதே காட்சியை இரு திரையிலும் காட்ட வேண்டுமானால் டபிள்யூஎல்-மிரர் என்ற சிறு கருவி உதவும். எக்ஸ்ரேண்டர் கட்டளையை வைத்து எழுதிய குறுநிரல்கள் பயன்படா; அவற்றுக்கு மாற்றாக டபிள்யூஎல்ஆர்-ரேண்டர் உள்ளது. இணையவழி வகுப்பில் திரையைப் பகிர, திரைக்காட்சியைக் கடத்தும் பைப்வயரும் அதோடு பேசும் டெஸ்க்டாப் போர்ட்டலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர் தம் இடத்திலிருந்தே மாணவர்களின் திரைகளைப் பார்க்கும் மேற்பார்வைக் கருவிகளில் எக்ஸ்11 வழியாகத் திரையைப் படிப்பவை இங்கே செயல்படமாட்டா. கணினி ஆய்வகத்தை மாற்றும் முன் பள்ளிகள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பார்வையற்ற மாணவர்கள் ஓர்கா திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு?

அவர்களுடைய கணினிகளை எக்ஸ்11-இலேயே விட்டுவிடுங்கள். ஓர்காவின் கட்டளை விசைகளை எல்லாச் செயலிகளுக்கும் மேலாகப் பிடித்துத் தருவதற்குக் கம்பாசிட்டரின் உதவி வேண்டும். நோம் அந்த வழியை அமைத்துவிட்டது. சிறிய கம்பாசிட்டர்களில் அது இன்னும் அமையவில்லை. ஒருவருடைய படிப்பே அதை நம்பி இருக்கும்போது சோதனைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

கணினியை மூடித் திறக்கும்போது முன்பு திறந்திருந்த சாளரங்கள் அதே இடத்தில் வருமா?

வராது. எக்ஸ்எஃப்சிஇயின் அமர்வைச் சேமிக்கும் வசதி வேலேண்டில் இன்னும் இல்லை; ஒரு செயலி தன் சாளரத்தைத் திரையின் இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று கேட்கவும் வேலேண்ட் அனுமதிப்பதில்லை. பூட்டுத்திரைக்கு ஸ்வேலாக்கையும், நேரம் பார்த்துப் பூட்ட ஸ்வேஐடிலையும் வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் வைத்திருக்கும் குறுக்குவிசைகளும் தானியங்கிக் குறுநிரல்களும்?

எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகைச் சாளரத்தில் பதிந்த குறுக்குவிசைகள் வேலேண்டில் எடுபடா. அவற்றை லேப்டபிள்யூசியின் அமைப்புக் கோப்பில் மீண்டும் எழுத வேண்டும். எக்ஸ்டூடூல், டபிள்யூஎம்சிடிஆர்எல் ஆகியவற்றை நம்பிய குறுநிரல்கள் வேலேண்ட் சாளரங்களைக் காணவே மாட்டா. விசை அனுப்புவதற்கு டபிள்யூடைப், ஒய்டூடூல் போன்றவை உள்ளன.

மேட், எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்புகளை வைத்திருப்பவர்களின் நிலை என்ன?

எல்எக்ஸ்க்யூடி முன்னே போய்விட்டது: 2024 நவம்பரில் வந்த 2.1 பதிப்பு, லேப்டபிள்யூசி உட்படப் பல கம்பாசிட்டர்களில் எதையும் தேர்ந்தெடுக்கும்படி வேலேண்ட் அமர்வைத் தருகிறது. மேட் மெதுவாக, வேஃபயரைத் துணையாகக் கொண்டு நகர்கிறது. எக்ஸ்11-ஐ விட்டு வர இயலாத இன்னும் பழைய சூழல்களுக்காக 2025-இல் வேபேக் என்ற முயற்சி தொடங்கியது. எக்ஸ்வேலேண்டை முழுத்திரையில் ஓட்டி அதற்குள் பழைய டெஸ்க்டாப்பை அப்படியே வைப்பது அதன் வழி. தொடக்க நிலையில் இருந்தாலும் நம்பிக்கை தரும் வேலை அது.

என் கணினியில் பாதிப்பில்லாமல் முயன்று பார்ப்பது எப்படி?

டெபியன் 13-இல் லேப்டபிள்யூசியை நிறுவிவிட்டு வெளியேறி, உள்நுழையும் திரையில் அமர்வுகளின் பட்டியலைத் திறந்தால் எக்ஸ்எஃப்சிஇயின் வேலேண்ட் அமர்வு தனியாகத் தெரியும். பழைய அமர்வு பக்கத்திலேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை அதையே தேர்ந்தெடுக்கலாம். பேனலின் அமைப்புகள் இரண்டு அமர்வுகளுக்கும் பொதுவானவை என்பதால், சோதனைக்கென்று புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் பார்ப்பது பாதுகாப்பானது. அன்றாடம் செய்யும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை அதில் ஒரு முறை செய்து பாருங்கள்: பென்டிரைவைச் செருகி, தமிழில் ஒரு கடிதம் தட்டி, அச்சிட்டு, மடிக்கணினியை மூடித் திறந்து பாருங்கள்.

பிழை தெரிந்தால் யாரிடம் சொல்வது?

எக்ஸ்எஃப்சிஇ திட்டம் தன் சொந்த கிட்லேப் தளத்தில் பிழை அறிக்கைகளைப் பெற்றுக்கொள்கிறது. சாளரம் நகர்வது, குறுக்குவிசை, திரைப்பூட்டு ஆகியவற்றில் வரும் பிழைகள் பெரும்பாலும் கம்பாசிட்டருடையவை. அவற்றை லேப்டபிள்யூசி திட்டத்திடம் சொல்ல வேண்டும். எந்த அமர்வு, எந்தக் கம்பாசிட்டர், அதன் பதிப்பு எண், அதே செயல் எக்ஸ்11 அமர்வில் சரியாக நடக்கிறதா என்ற நான்கையும் குறிப்பிட்டால் தேடுபவரின் வேலை பாதியாகக் குறையும்.

தமிழ் உள்ளீட்டுப் பிழையை அறிவிக்கும்போது "தமிழ் வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், அழுத்திய விசைகளை வரிசையாகவும், வந்திருக்க வேண்டிய சொல்லையும், வந்த சொல்லையும் அருகருகே தாருங்கள். அந்த நிரலை எழுதுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். புள்ளி விழவில்லை என்பது அவர் கண்ணில் படாது. இந்தப் பிழைகளைக் கண்டு சொல்லக்கூடியவர்கள் தமிழ் தட்டுகிற நாம்தான், 4.20-இன் வேலேண்ட் அமர்வு சோதனை நிலையில் இருக்கும்போதே சொன்னால், திருத்தம் அடுத்த பதிப்பில் இடம்பெற வாய்ப்பு உண்டு.